வெளிநாட்டோடு கூட்டாய்வு: எந்த அரசு நிதியின் கதவைத் தட்டுவது?

உங்கள் ஆய்வகத்துக்கும் இன்னொரு நாட்டு ஆய்வகத்துக்கும் ஒரு யோசனையில் மனம் ஒத்துப்போய்விட்டது. சேர்ந்து செய்யலாம் என்று இரு தரப்பும் சொல்லியாயிற்று. இனி பணம் வேண்டும், அதுவும் அரசுப் பணம். இந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்கள் திறந்திருக்கும் அழைப்புகளையெல்லாம் ஒரு பட்டியலாக்கி, தொகையைப் பார்த்து மேலிருந்து கீழாக அடுக்கி, முதலில் இருப்பதற்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். தொகை கடைசியாகப் பார்க்க வேண்டியது என்பது என் கருத்து. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. விண்ணப்பம் எத்தனை மதிப்பீட்டுக் குழுக்களைத் தாண்ட வேண்டும்? கிடைத்தால் பணம் யார் கணக்கில் வந்து உட்காரும்? இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால், சிறிய திட்டம் ஒன்று பெரிய திட்டத்தைவிட உங்களுக்குத் தோதானது என்பது பல நேரம் தானாகவே புலப்படும்.

இந்தக் கண்ணோடு நான்கு வழிகளைப் பார்க்கலாம். இரண்டு நாட்டு நிதி அமைப்புகள் சேர்ந்து தருவது, பல நாட்டுக் கூட்டமைப்புத் திட்டம், தனி ஆளோடு போகும் நல்கை, பணமே தராமல் கருவியில் நேரம் தருவது.

இருதரப்பு நிதி: ஒரே பெயர், மூன்று வகை

வெளியிலிருந்து பார்த்தால் இருதரப்புத் திட்டங்கள் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். இரண்டு நாட்டு அமைச்சர்கள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், இரண்டு நிதி அமைப்புகளும் சேர்ந்து அழைப்பு வெளியிட்டிருக்கும். உள்ளே போனால் மூன்று வகை இருக்கிறது. வெற்றி வாய்ப்பு வகைக்கு வகை வெகுவாக மாறும்.

முதல் வகையில் ஒரே முன்மொழிவை இரு தரப்பும் தங்கள் தங்கள் நாட்டு அமைப்பிடம் கொடுக்க வேண்டும். இரண்டும் தனித்தனியாக மதிப்பிடும். இரண்டும் சரி என்றால்தான் பணம். ஒவ்வொரு பக்கமும் ஐந்தில் ஒன்றுக்குத்தான் நிதி கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று சாராதவை என்றால் வாய்ப்பு இருபத்தைந்தில் ஒன்று. மூன்று நாடு என்றால் நூற்று இருபத்தைந்தில் ஒன்று. நல்ல முன்மொழிவு எங்கே போனாலும் நல்லதாகத்தான் தெரியும், ஆகவே நிஜத்தில் இவ்வளவு மோசமாக இருக்காது என்று நீங்கள் சொல்லலாம். ஓரளவு உண்மைதான். ஆனால் ஒரு குழு "இது அடிப்படை ஆய்வு, பயன்பாடு எங்கே?" என்று கேட்கும்போது, மற்றக் குழு "இது வெறும் பயன்பாடு, புதிய அறிவியல் எங்கே?" என்று கேட்பது இந்த வகையில் சகஜம். இரண்டு பேரையும் ஒரே ஆவணத்தில் திருப்திப்படுத்தப் பார்த்தால் விண்ணப்பம் சப்பென்று ஆகிவிடும்.

இரண்டாவது வகை இந்தச் சிக்கலைத் தீர்க்கவே வந்தது. ஒரு நாட்டின் அமைப்பு முன்னணி அமைப்பாக இருந்து மதிப்பீட்டைச் செய்யும். மற்றது அந்த முடிவை ஏற்றுக்கொண்டு, தன் நாட்டு ஆய்வாளருக்கான பங்கைத் தானே கொடுக்கும். ஜெர்மனியின் டிஎஃப்ஜி, ஆஸ்திரியாவின் எஃப்டபிள்யூஎஃப், சுவிஸ் தேசிய அறிவியல் நிதியம் என்ற ஆய்வு நிதி அமைப்புகள் மூன்றும் இப்படி வெகுநாளாக இயங்குகின்றன. 2021-இல் தொடங்கிய 'வீவ்' ஏற்பாடு இதையே போலந்து, செக், ஸ்லொவேனியா, லக்சம்பர்க் போன்ற நாடுகளுக்கும் விரித்தது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையும் பிரிட்டன், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து அமைப்புகளோடு குறிப்பிட்ட துறைகளில் இப்படி ஒப்பந்தம் போட்டிருக்கிறது. விண்ணப்பம் ஒன்று, மதிப்பீடு ஒன்று, பணப்பை இரண்டு. உங்கள் துறைக்கும் உங்கள் இரு நாடுகளுக்கும் இப்படி ஒன்று இருந்தால் மற்ற வழிகளை அலசுவதற்கு முன் இதைப் பாருங்கள். முதல் கூட்டாய்வுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்றாவது வகை பொது நிதியம். இரு அரசுகளும் சேர்ந்து ஒரு தனி அமைப்பை உருவாக்கி, அழைப்பு, மதிப்பீடு எல்லாவற்றையும் அதனிடமே விட்டுவிடுவது. அமெரிக்க இஸ்ரேல் இருநாட்டு அறிவியல் அறக்கட்டளை 1972-இல் வந்தது. இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 1987-இல் செஃபிப்ரா மையத்தை அமைத்தன. அமைச்சர்கள் மாறினாலும் அமைப்பு நிற்கும் என்பது இதன் பலம். தொகை பெரும்பாலும் மிதமாகத்தான் இருக்கும்.

இருதரப்பு என்ற பெயரில் இன்னொன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. விமானக் கட்டணம், தங்கும் செலவு, ஒரு பயிலரங்கம், அவ்வளவுதான். சம்பளத்துக்கோ வேதிப்பொருளுக்கோ ஒரு காசு கிடையாது. ஒப்பந்தத்தின் ஆண்டு நிறைவுக் கொண்டாட்டத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இது அரசுகளுக்கு உதவும். ஏற்கெனவே வேறு பணத்தில் ஓடும் ஆய்வு இருந்தால் உங்களுக்கும் உதவும். புதிய ஆய்வைத் தொடங்க இதை நம்பினால் போய்ப் பேசிவிட்டு வருவதோடு நின்றுவிடும். அழைப்பு ஆவணத்தில் 'தகுதியான செலவுகள்' என்ற பத்தியை முதலில் படிப்பது நல்லது.

பல நாட்டு அமைப்புகள் தங்கள் தங்கள் பணத்தோடு ஒரே அழைப்பில் சேரும் ஏற்பாடும் உண்டு. சுற்றுச்சூழல் மாற்ற ஆய்வுக்காக 2009-இல் தொடங்கிய பெல்மாண்ட் மன்றம் நல்ல உதாரணம். அங்கே குழுவில் குறைந்தது மூன்று நாடுகள் இருக்க வேண்டும், இயற்கை அறிவியலோடு சமூக அறிவியலும் வேண்டும், ஆய்வின் பலனைப் பயன்படுத்துவோரும் வேண்டும். மதிப்பீடு பொதுவானது என்பதால் மேலே சொன்ன பெருக்கல் கணக்கு இங்கே இல்லை. சிக்கல் வேறு இடத்தில் வரும். ஒவ்வொரு நாடும் தன் ஆட்களுக்கு மட்டும் கொடுக்கிறது. ஏதாவது ஒரு நாட்டின் ஒதுக்கீடு தீர்ந்துபோனால், தரவரிசையில் உயரத்தில் இருக்கும் திட்டம்கூட ஒரு பங்காளிக்குப் பணமில்லாமல் தடுமாறும், அல்லது கீழே இருக்கும் இன்னொரு திட்டத்துக்கு வழிவிட நேரும். ஒரு பங்காளி தன் நாட்டுத் தகுதி விதியில் தவறினால் மொத்தக் குழுவும் ஆடிப்போகும். இப்படிப்பட்ட அழைப்பில் கூட்டாளிகளைச் சேர்க்கும்போது ஆளின் திறமையோடு அவர் நாட்டின் ஒதுக்கீட்டையும் பார்த்தாக வேண்டும்.

பெரிய கூட்டமைப்பு: பங்காளியாகப் போகலாம், ஒருங்கிணைப்பாளராக வேண்டாம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான 'ஹொரைசன் யூரோப்' 2021 முதல் 2027 வரை ஓடுகிறது. மொத்த ஒதுக்கீடு சுமார் 9,550 கோடி யூரோ. 1984-இல் தொடங்கிய 'சட்டகத் திட்டம்' என்ற பல்லாண்டு நிதித் திட்ட வரிசையில் இது ஒன்பதாவது. இதன் கூட்டுத் திட்டங்களில் குறைந்தது மூன்று வெவ்வேறு உறுப்பு நாடுகளிலிருந்தோ இணைப்பு நாடுகளிலிருந்தோ (ஒன்றியத்தில் இல்லாமல், ஒப்பந்தம் போட்டு இந்தத் திட்டத்தில் மட்டும் சேர்ந்தவை) மூன்று நிறுவனங்கள் வேண்டும். அவற்றில் ஒன்றாவது உறுப்பு நாட்டைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். அது குறைந்தபட்ச விதி. நடைமுறையில் பத்துப் பதினைந்து நிறுவனங்கள் சேர்வது சாதாரணம்.

பலம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆய்வுத் திட்டங்களில் நேரடிச் செலவில் 100 சதவீதம் கிடைக்கும், அதன் மேல் 25 சதவீதம் நிறுவன மேற்செலவு. மதிப்பீடு ஒரே இடத்தில் நடக்கும். கடைசி நாளிலிருந்து சுமார் எட்டு மாதத்தில் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஒரே நாட்டில் செய்ய முடியாத ஆய்வுகள், உதாரணமாகப் பல தட்பவெப்ப மண்டலங்களில் ஒரே பயிரைச் சோதிப்பது, அரிய நோய்க்குப் போதுமான நோயாளிகளைத் திரட்டுவது, இந்த அமைப்பில்தான் சாத்தியம்.

இனி இடைஞ்சல். தலைப்பை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. ஒன்றியம் வெளியிடும் பணித்திட்ட ஆவணம் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது. "எதிர்பார்க்கப்படும் விளைவுகள்" என்று அதில் எழுதியிருப்பதை உங்கள் ஆய்வு எப்படிக் கொண்டுவரும் என்று விளக்க வேண்டும். அறிவியல் தரம், தாக்கம், செயல்படுத்தும் முறை என்ற மூன்றுக்கும் ஐந்தைந்து புள்ளி. ஒவ்வொன்றிலும் மூன்று, மொத்தத்தில் பத்து வாங்கினால் தேர்ச்சி. தேர்ச்சி பெறுவதும் பணம் பெறுவதும் ஒன்றில்லை. பத்து வாங்கியவருக்குப் பணம் கிடைப்பது அபூர்வம். முந்தைய 'ஹொரைசன் 2020' திட்டத்தில் விண்ணப்பித்தவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்குத்தான் கிடைத்தது.

ஒருங்கிணைப்பாளரின் நிலைமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பணம் முதலில் அவருக்கு வரும், அவர் பிரித்துக் கொடுப்பார். அறிக்கைகள், தாமதமாக வரும் கணக்குகள், விலகிப்போகும் பங்காளி, திருத்த வேண்டிய ஒப்பந்தம் எல்லாம் அவர் மேசையில்தான் விழும். நல்ல திட்ட அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனம் இதைச் சமாளிக்கும். அப்படி ஒரு அலுவலகம் இல்லாத இடத்தில் ஆய்வுத் தலைவரே கணக்கராக மாறிவிடுவார். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவருக்குச் சாப்பிட நேரம் கிடைக்காத கதைதான். முதன்முறை நுழைகிறவர்கள் ஒரு பணித்தொகுப்பை, அதாவது மொத்த வேலையில் ஒரு பகுதியை, எடுத்துக்கொண்டு பங்காளியாகப் போவதே மேல். பங்கு சிறியதாக இருந்தாலும் அந்தப் பணத்தில் ஆய்வு செய்யலாம்.

அடுத்தது நாட்டின் தகுதி. எந்த நாட்டு நிறுவனமும் சேரலாம், பணம் எல்லோருக்கும் கிடையாது. உறுப்பு நாடுகள், இணைப்பு நாடுகள், அப்புறம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பெரும்பாலானவை தானாகவே நிதிக்குத் தகுதி பெறும். பிரேசில், சீனா, இந்தியா, மெக்சிகோ போன்றவை அந்தப் பட்டியலில் இல்லை. அந்நாட்டு ஆய்வாளர்கள் பொதுவாகச் சொந்தப் பணத்தோடு வர வேண்டும், அல்லது அவர்கள் இல்லாமல் திட்டமே நடக்காது என்று நிரூபிக்க வேண்டும். "எங்கள் கூட்டமைப்பில் சேருங்கள்" என்று அழைப்பு வந்தவுடன் மகிழ்வதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

தகுதி நிரந்தரமும் இல்லை. பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து விலகிய பிறகு இணைப்பு நாடாகச் சேர்வது வட அயர்லாந்து விவகாரத்தில் சிக்கி இழுத்துக்கொண்டே போய், 2024 ஜனவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில், இதே திட்டத்தின் பணத்தில் தனி ஆய்வாளர்களுக்குக் கொடுக்கும் ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நல்கையை வென்ற பிரிட்டன் ஆய்வாளர்கள், ஒன்றிய நாடு ஒன்றுக்கு இடம்பெயர வேண்டும் அல்லது நல்கையை விட்டுவிட வேண்டும் என்ற நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். பிரிட்டன் அரசு ஈட்டுத் தொகை கொடுத்துப் பலரைத் தாங்கிப் பிடித்தது. சுவிட்சர்லாந்து 2021-இல் ஒன்றியத்தோடு நடந்த அரசியல் பேச்சு முறிந்ததும் வெளியே தள்ளப்பட்டது. உலகின் முன்வரிசைப் பல்கலைக்கழகங்கள் இருந்தும் சில ஆண்டுகள் எந்தத் திட்டத்தையும் அதன் ஆய்வாளர்களால் ஒருங்கிணைக்க முடியவில்லை. மறுபக்கம் நியூசிலாந்து, கனடா, தென் கொரியா ஆகியவை அண்மையில் 'இரண்டாம் தூண்' என்ற கூட்டுத் திட்டப் பிரிவுக்கு மட்டும் இணைந்திருக்கின்றன. நில எல்லையை வைத்து யாரும் முடிவு கட்ட முடியாத காலம் இது.

ஐரோப்பாவிலேயே இதைவிட எளிய கதவு ஒன்று இருக்கிறது. பலர் கண்டுகொள்வதில்லை. 1971-இல் தொடங்கிய 'காஸ்ட்' அமைப்பு ஆய்வுக்குப் பணம் தராது. சந்திப்பு, பயிற்சிப் பள்ளி, குறுகிய கால ஆய்வகப் பயணம் ஆகியவற்றுக்கு மட்டும் நான்கு ஆண்டுகள் தரும். விண்ணப்பிக்கும்போது ஏழு நாடுகளாவது வேண்டும், ஆனால் தொடங்கிய பிறகும் புதியவர்கள் சேரலாம். வெளியே நிற்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சலுகை என்பதை யோசித்துப் பாருங்கள். வென்ற கூட்டமைப்புகளின் பின்னணியைக் கிளறினால் பல இடங்களில் இப்படியொரு வலைப்பின்னல்தான் முதலில் இருந்திருக்கும். யாரோடு வேலை செய்ய முடியும், யார் மின்னஞ்சலுக்குப் பதில் போடமாட்டார் என்பதைச் சில ஆண்டுகள் பழகித்தான் அறிய முடியும். பயணச் செலவுத் திட்டங்களை மேலே கிண்டல் செய்தேன். இதைக் கிண்டல் செய்யமாட்டேன், ஏனென்றால் இது தன்னை ஆய்வு நிதி என்று சொல்லிக்கொள்வதில்லை.

ஆளோடு போகும் பணம்

ஒரு பெயர், ஒரு முன்மொழிவு, ஒரு மதிப்பீடு. வாய்ப்புக் கணக்கு இங்கே மிக எளிது. ஐரோப்பிய ஒன்றியம் முனைவர் பட்டம் முடித்தவர்களுக்குத் தரும் மேரி ஸ்கொடோவ்ஸ்கா கியூரி முதுமுனைவர் நல்கையில் எந்த நாட்டவரும் ஐரோப்பிய நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம். கறாரான விதி ஒன்று உண்டு: கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதத்தில் போக விரும்பும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. எளிதான கதவு என்பதால் கூட்டம் அதிகம். 2024-இல் விண்ணப்பங்கள் பத்தாயிரத்தைத் தாண்டின, அவற்றில் ஏறத்தாழ 1,700 பேருக்குக் கிடைத்தது. 2025-இல் விண்ணப்பங்கள் 17,000-ஐத் தாண்டின. பல நாடுகளில் ஆய்வு வேலைகள் சுருங்கியதன் நேரடி விளைவாகத்தான் இதைப் பார்க்கிறேன்.

இந்த நல்கையைக் கூட்டாய்வு என்று சொல்லலாமா? இரண்டு ஆண்டு அங்கே இருந்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டால் அனுப்பிய ஆய்வகத்துக்கு என்ன மிச்சம்? இதே திட்டத்தின் உலகளாவிய பிரிவில் ஐரோப்பாவுக்கு வெளியே போகிறவர் கடைசி 12 மாதம் ஐரோப்பாவுக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கிறார்கள். அனுப்புகிற பக்கம் தன் நலனைக் காக்கத் தெரிந்து எழுதிய விதி அது. உங்கள் மாணவரை வேறு வழிகளில் அனுப்பும்போது இப்படி ஒரு திரும்பும் கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அவருடைய வளர்ச்சிக்கு அது நல்லது என்று மனமார ஒப்புக்கொண்டு அனுப்புங்கள். கூட்டாய்வு வளரும் என்று கணக்குப் போட வேண்டாம்.

மூத்தவர்களுக்கான தளம் ஐரோப்பிய ஆய்வு மன்றம். தொடக்க நல்கை 15 லட்சம் யூரோ வரை, முதுநிலை நல்கை 25 லட்சம் வரை, ஐந்தாண்டுக்கு. தலைப்புக் கட்டாயம் இல்லை, கூட்டாளிக் கட்டாயம் இல்லை. 'சினர்ஜி' பிரிவில் இரண்டு முதல் நான்கு ஆய்வுத் தலைவர்கள் சேர்ந்து ஆறு ஆண்டுக்கு ஒரு கோடி யூரோ வரை கேட்கலாம், அவர்களில் ஒருவர் ஐரோப்பாவுக்கு வெளியே இருக்கலாம். ஐரோப்பியப் பணம் வெளிநாட்டு ஆய்வகத்துக்கு நேராகப் போய்ச் சேரும் அரிய வழிகளில் இது ஒன்று. போட்டி கடுமையானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உயிரியல்காரர்களுக்கு என் தனி விருப்பம் மனித எல்லை அறிவியல் திட்டம். 1987 வெனிஸ் உச்சி மாநாட்டில் ஜப்பான் முன்வைத்து, 1989-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் அமைந்தது. அதன் ஆய்வு நல்கை வெவ்வேறு நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்த சிறு குழுவுக்கு மூன்று ஆண்டுகள் தருவது. மற்ற இடங்களில் "முன்னோட்டத் தரவு எங்கே?" என்று கேட்பார்கள். இங்கே அது கட்டாயமில்லை. இதற்கு முன் சேர்ந்து வேலை செய்யாதவர்களையே விரும்புகிறார்கள், கண்டம் தாண்டிய கூட்டணி என்றால் இன்னும் நல்லது. பூச்சியின் பறத்தலைப் பார்க்கும் உயிரியலாளரும் பாய்ம இயக்கவியல் கணிதரும் சேரும் வகைத் திட்டங்களுக்கு இதைப் போல இன்னொரு வீடு கிடையாது. முதன்மை விண்ணப்பதாரரின் ஆய்வகம் இந்தத் திட்டத்தின் உறுப்பு நாட்டில் இருந்தால் போதும், மற்றவர்கள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். முதலில் சுருக்கமான கடிதம் மட்டும். அதில் தேறியவர்களுக்கே முழு விண்ணப்பம். எழுதுகிறவரின் நேரத்தை மதிக்கும் நிதி அமைப்புகள் குறைவு, இது அவற்றில் ஒன்று. பயன்பாட்டு மருத்துவ ஆய்வாக இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் வர வேண்டாம், எடுத்த எடுப்பில் தள்ளிவிடுவார்கள்.

பணம் வராது, கருவி வரும்

சில ஆய்வுகளுக்கு உண்மையான தேவை ஒரு தொலைநோக்கியில் இருபது மணி நேரமோ, துகள்முடுக்கியின் ஒளிக்கற்றையில் மூன்று நாளோதான். அதற்குக் கூட்டமைப்பு எழுதுவது வீண் வேலை. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிக்கு உலகின் எந்த நாட்டவரும் நேரம் கேட்கலாம். விண்ணப்பித்தவர் யார் என்பது மதிப்பீட்டாளருக்கும் தெரியாது. பெயரின் செல்வாக்கு இல்லாத இளையவர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் இதைவிட நியாயமான களம் இல்லை. வாய்ப்பு எப்படி? நான்காம் சுற்றில் 2,377 முன்மொழிவுகள் வந்தன, கேட்ட நேரம் சுமார் 78,000 மணி, அதாவது கையிலிருந்ததைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு. நேரம் கிடைத்தால் அமெரிக்க நிறுவனத்தில் இருப்பவருக்கு அதோடு ஆய்வுப் பணமும் வரும். மற்றவர்கள் தரவை அலசும் ஆளுக்குச் சம்பளம் வேறு இடத்தில் தேட வேண்டும். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் நேரத்தை வாங்கிவிட்டு, ஆளில்லாமல் தரவை வைத்துக்கொண்டு முழித்தால் அதற்குள் தரவு உங்களுக்கு மட்டும் என்றிருக்கும் காப்புக் காலம் முடிந்து தரவு பொதுவுக்கு வந்துவிடும்.

ஒளிக்கற்றை மையங்களிலும் இதே முறைதான். முடிவுகளை வெளியிடுவதாக ஒப்புக்கொண்டால் பொதுவாகக் கட்டணம் இல்லை. ஜோர்தானில் உள்ள 'செசமி' என்ற ஒளிக்கற்றை மையம் 2017-இல் திறந்தது. ஜெர்மனி தந்த பழைய கருவிப் பாகங்களிலிருந்து தொடங்கிய யோசனை அது. ஈரானும் இஸ்ரேலும் பாலஸ்தீனமும் பாகிஸ்தானும் உறுப்பினர்களாக ஒரே மேசையில் உட்காரும் இடம். அரசியல் உறவே இல்லாத நாடுகளின் ஆய்வாளர்கள் ஒரே கூரையின் கீழ் வேலை செய்ய வேறு எந்த நிதி வடிவமும் இவ்வளவு வழிவிட்டதில்லை.

ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் வேறு கணக்கு. 1954-இல் 12 நாடுகளோடு தொடங்கி இன்று 25 உறுப்பு நாடுகள். உறுப்பு நாடுகள் தேசிய வருமானத்துக்கு ஏற்பப் பங்கு கட்டுகின்றன. ஆனால் அட்லஸ், சிஎம்எஸ் போன்ற சோதனைகளில் சேர நாடு உறுப்பாக இருக்க வேண்டும் என்றில்லை, நிறுவனம் சேர்ந்தால் போதும். சேர்ந்தபின் கருவியின் பராமரிப்புக்கும் இயக்கத்துக்கும் ஆள் எண்ணிக்கைக்கு ஏற்பப் பங்கு கட்ட வேண்டும், முறை வைத்துப் பார்க்கும் கருவிப் பணியிலும் கைகொடுக்க வேண்டும். பல்லாண்டுக் கடமை அது. மூன்றாண்டு நல்கையை நம்பி அதில் கால் வைக்கக் கூடாது. தரவு மட்டும் போதும் என்றால், செர்னின் சோதனைகள் தங்கள் பழைய தரவுகளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்துவிட்டிருக்கின்றன. சேராமலே செய்யக்கூடிய ஆய்வு இருக்கிறது.

உடைந்தால் யாருக்கு இழப்பு

திட்டம் நடுவில் நின்றுபோகும் ஆபத்தை விண்ணப்பிக்கும்போது யாரும் எண்ணுவதில்லை. எண்ணினால் தரவரிசை கொஞ்சம் மாறும். வளரும் நாடுகளோடு கூட்டாய்வு செய்வதற்காகப் பிரிட்டன் 150 கோடி பவுண்டு அளவில் ஒரு நிதியைக் கொண்டுவந்தது. 2021-இல் அரசு வெளிநாட்டு உதவியைக் குறைத்தபோது, ஏற்கெனவே உறுதியளித்த செலவுக்கும் கையிலிருக்கும் பணத்துக்கும் இடையே 12 கோடி பவுண்டு இடைவெளி என்று நிதி அமைப்பு கடிதம் எழுதியது. நடந்துகொண்டிருந்த திட்டங்கள் வெட்டப்பட்டன. 2022 மார்ச்சில் ரஷ்ய நிறுவனங்களுக்கான பணத்தை ஐரோப்பிய ஆணையம் நிறுத்தியது. 2025 மே மாதம் அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனங்கள் வெளிநாட்டுத் துணை நல்கைகளை (நல்கை பெற்றவர் அதில் ஒரு பங்கை வெளிநாட்டுக் கூட்டாளிக்குக் கொடுப்பது) உள்ளடக்கிய புதிய விருதுகளை நிறுத்தி, வேறு அமைப்பு கொண்டுவருவதாக அறிவித்தன.

இந்த உதாரணங்களில் அடி யாருக்கு விழுந்தது என்று பாருங்கள். பணம் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பாயும் அமைப்பில், வாங்குகிற பக்கம் ஒரே நாளில் நின்றுவிடுகிறது. ஆளைச் சேர்த்தாயிற்று, மாதிரிகள் உறைபெட்டியில் இருக்கின்றன, சம்பளம் இல்லை. இரு பக்கமும் தங்கள் சொந்தப் பணத்தில் ஓடும் முன்னணி அமைப்பு முறையிலோ பொது அழைப்பிலோ ஒன்று நின்றாலும் மற்றது பாதித் திட்டமாவது முடிக்கும். தொடங்கும்போது எரிச்சலூட்டும் அந்த இரண்டு பணப்பைகள்தான் முறியும்போது காப்பாற்றுகின்றன. உடன்படிக்கையில் நிற்கும் அமைப்புகள் இன்னும் மெதுவாக உடையும். ரஷ்யாவோடு செர்ன் வைத்திருந்த ஒப்பந்தம் அதன் காலம் முடிந்த 2024 நவம்பர் வரை ஓடித்தான் நின்றது. ஆய்வாளர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்துகொள்ள அவகாசம் இருந்தது.

மாதிரிகளும் தரவும் எல்லை தாண்டும் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2007-இல் பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை உலகச் சுகாதார நிறுவனத்தோடு பகிர்வதை இந்தோனேசியா நிறுத்தியது. தன் மாதிரியிலிருந்து செய்த தடுப்பூசி தன் மக்களுக்கு எட்டாத விலையில் வரும் என்பதே அதன் வாதம். 2011-இல் அதற்கென்று தனி உடன்பாடே வந்தது. 2014 முதல் நடைமுறையில் உள்ள நகோயா நெறிமுறை என்ற பன்னாட்டு உடன்படிக்கை மரபு வளங்களுக்கு (செடி, விலங்கு, நுண்ணுயிர் மாதிரிகள்) இதே கேள்வியைக் கேட்கிறது: பலன் யாருக்கு? ஐரோப்பியத் தனிநபர்த் தரவுகளுக்கு 2018 முதல் கறாரான சட்டம் இருக்கிறது. எந்த நிதித் திட்டமும் இந்த அனுமதிகளை உங்களுக்காக வாங்கித் தராது. அனுமதிக்கு ஓராண்டு ஆகும் துறையில் இரண்டாண்டு நல்கையை எடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி நேர அழைப்பு

இவ்வளவும் யோசித்து வழியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பாதிப் பேருக்குக் கிடைப்பதில்லை. கடைசி நாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு மின்னஞ்சல் வரும். "உங்கள் நாட்டிலிருந்து ஒரு பங்காளி தேவை, பத்து வரி அறிமுகமும் கையெழுத்துப் படிவமும் அனுப்புங்கள்." மாட்டேன் என்று உடனே சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பணித்தொகுப்பு எங்களுடையது, அதற்கான தொகை எவ்வளவு, அந்தத் தொகைக்கு எங்கள் நாடு தகுதியா, மாதிரியும் தரவும் யாரிடம் இருக்கும், கட்டுரையில் முதல் பெயரை எப்படி முடிவு செய்வீர்கள், எங்கள் நாட்டின் நிலை நடுவில் மாறினால் என்ன ஏற்பாடு என்று கேட்டு அன்றே பதில் போடுங்கள். உண்மையான கூட்டாளி இரண்டு நாளில் தொலைபேசியில் பேசிவிடுவார். "இப்போதைக்குப் படிவத்தை மட்டும் அனுப்புங்கள், மற்றதை வென்ற பிறகு பார்க்கலாம்" என்று வந்தால், அவர்களுக்குத் தேவை வரைபடத்தில் ஒரு புள்ளி. அந்தப் படிவத்தை அனுப்பாமல் விட்டுவிடலாம்.